சீமோனின் தொலைபேசிக் காட்சி

அருள்நாயகத்தின் வாக்கை நம்பி உருப்பட்டவர்கள் யாருமில்லை என்பது யோகமலருக்கு நன்றாகத் தெரியும். பாரிஸில் ஒரே கட்டடத்தில் பதினொரு வருடம் அவருக்கு மேல்வீட்டில் இருந்தவள் அவள். அங்கே அவர் தொடங்கிய சங்கங்கள் மூன்று, உடைத்த சங்கங்கள் நான்கு. இதெல்லாம் தெரிந்திருந்தும் ரொறன்ரோவுக்கு வந்தபின் அவரிடமே வாயைத் திறந்தாள். அந்தக் கோபம் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே இருக்கிறது.

யோகமலர் ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவள் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவர்களில் ஒருவர் சீமோன் என்ற பிரெஞ்சுக்காரி. வயது எழுபத்தொன்பது. பார்வை போய்விட்டது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அந்த இல்லத்தில் பிரெஞ்சு பேசத் தெரிந்தவள் யோகமலர் ஒருத்திதான் என்பதால் மனுசி அவளை இலேசில் விடுவதில்லை.

எழுபதுகளில் பிரான்ஸில் வந்த சிரிப்புப் படங்கள் இருபத்தாறில் சீமோன் நடித்திருக்கிறார். இருபத்தைந்தில் அவருக்கு ஒரே வேலைதான். கதவு திறக்கும், குளித்த ஈரத்தோடு துவாய் மட்டும் சுற்றி நிற்பார், கீச்சிடுவார், ஓடுவார். துரத்துகிற ஆண்களுக்குப் பெயர் இருக்கும், உத்தியோகம் இருக்கும், வீட்டில் பெண்சாதியும் இருப்பாள். இவருக்குப் பெயர்கூட இருக்காது. சில படங்களில் அந்தக் கீச்சுக் குரலும் வேறொருத்தியுடையது. யோகமலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் தேடி நாலைந்தைப் பார்த்தாள். இதற்கா தியேட்டர் தியேட்டராகச் சனம் போய்ச் சிரித்தது என்று நினைத்துக் கணினியை மூடினாள்.

இருபத்தாறாவது படம் வேறு. அதில் சீமோன் ஒரு பெரிய வீட்டு வேலைக்காரி. மேசையில் மூன்று தொலைபேசிகள். ஒன்றில் எசமானின் மனைவி, ஒன்றில் அவனுடைய கள்ளக்காதலி, மற்றதில் அவனுடைய தாய். மூன்று பேருக்கும் மூன்று குரலில் பொய் சொல்லிச் சமாளித்து, களைத்துப்போய், கடைசியில் மூன்று றிசீவர்களையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, நீங்களே பேசித் தீருங்கள் என்று விட்டுவிட்டு, எசமானின் நாற்காலியில் காலை நீட்டி அவனுடைய பீச் பழத்தைச் சாப்பிடுவாள். இரண்டரை நிமிடம். முழு உடுப்போடு. அத்தனையும் சீமோனின் சொந்தக் குரல்.

அந்தப் படம் ஒரு கிழமைகூட ஓடவில்லை. சனம் நிறைந்த ஒரு தியேட்டரில் அதற்குச் சிரிப்பு எழ அவர் கேட்டதேயில்லை.

"மூன்றாவது போனை எடுக்க முதல் ஒரு மூச்சு விடவேணும், மலர். அந்த இடத்தில் சனம் வெடித்துச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் என் காதால் கேட்கவில்லை," என்பார் சீமோன். காலையில் முதுகு தேய்க்கும்போதே ஷவர்க் குழாயைக் காதில் வைத்து நடித்துக் காட்டுவார். யோகமலர் நனைந்துபோய் நின்று வயிறு நோகச் சிரிப்பாள்.

இந்தச் சந்தோசத்தைத்தான் அவள் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற அருள்நாயகத்திடம் சொன்னாள்.

"எந்தச் சீமோன்? அந்தத் துவாய்க்காரியோ?" என்றார் அவர். கண் இரண்டும் மின்னின. அந்தக் கணமே கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போயிருக்கவேண்டும்.

அவர் இப்போது ஒரு கலைமன்றத்தின் செயலாளர். ஆண்டுவிழாவுக்கு ஒரு புதுமை தேடிக்கொண்டிருந்தார். சீமோனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'நகைச்சுவைப் பேரரசி' என்று பட்டம் கொடுப்பதாக அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

"ஒரு கொண்டிசன் அண்ணை," என்றாள் யோகமலர். "அந்த ரெலிபோன் சீனைத்தான் போடவேணும். மற்றதொண்டும் போடக்கூடாது."

"ஓம் தங்கச்சி. நீ சொன்னாச் சரி."

அவள் அந்தக் காட்சியை இணையத்தில் தேடி எடுத்து அனுப்பினாள். இரண்டு கிழமையாக வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு வரியையும் நம்மவர் சிரிக்கும்படி தமிழில் எழுதி, எந்த வரி எந்தச் செக்கனில் வரவேண்டும் என்றும் குறித்துக் கொடுத்தாள். சீமோனுக்கோ பத்து வயது குறைந்துவிட்டது. பச்சைச் சட்டையை மூன்று தரம் மாற்றி மடிக்கச் சொன்னார். தலைமுடியைச் சுருட்டிவிடச் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பியிருந்தது. விளக்கேற்றி, போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் முடிந்து, நாலு பேர் பேசி ஓய்ந்தார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் சீமோன். ஒரு பக்கம் யோகமலர், மறுபக்கம் அருள்நாயகம். விளக்குகள் அணைந்தன.

திரையில் முதலில் ரோசாப்பூக்கள் கொட்டின. படத்தைத் தொகுத்தவர் சச்சிதானந்தன். ஸ்காபரோவில் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீட்டு வீடியோக்களில் பாதி அவருடைய கைவண்ணம்தான். பூக்களுக்கு நடுவில் ஒரு கதவு திறந்தது. துவாயோடு இருபத்தைந்து வயதுச் சீமோன். ஓடினார். துவாய் நழுவியது. சச்சிதானந்தன் அதை மெதுவாக்கி, பின்னுக்கு ஓட்டி, திரும்பவும் நழுவவிட்டார். மூன்று தரம். பிரெஞ்சுச் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு மேளச் சத்தம் போட்டிருந்தார். பிறகு அடுத்த கதவு, அடுத்த துவாய்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பின்வரிசையில் விசிலடித்தார்கள். ஒரு தாய் மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு தானும் சிரித்தாள். வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்த பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். யோகமலருக்கு வாயெல்லாம் புளித்தது. காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

சீமோனின் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்து, "என்ன அண்ணை இது? நான் தந்தது எங்கை?" என்றாள்.

"உன்ர சீனைப் போட்டால் சனம் எழும்பிக் கொத்துரொட்டிக்குப் போயிடும், தங்கச்சி. சும்மா இரு. எல்லாரும் ரசிக்கினம்."

அப்போது சீமோன் அவளுடைய கையைப் பிடித்தார்.

"தொடங்கிவிட்டதா, மலர்? அந்தக் காட்சியா?"

யோகமலர் திரையைப் பார்த்தாள். குளியல்தொட்டி ஒன்றுக்குள்ளிருந்து சீமோன் எழும்பிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தாள். பக்கத்தில் சீமோனின் முகம் சிரிப்பு வந்த பக்கமே திரும்பியிருந்தது.

"ஓம், மதாம்," என்றாள் பிரெஞ்சில்.

"என் குரல் கேட்கவில்லையே. ஏன் மேளம்?"

"இவர்களுக்குப் பிரெஞ்சு விளங்காது. கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. எங்கள் ஆட்களுக்கு எதற்கும் மேளம் வேண்டும்."

துவாய் மறுபடி நழுவியது. மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"இது எந்த இடம்?"

"மூன்றாவது போன்," என்றாள் யோகமலர்.

சீமோன் கண்களை மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "அந்த மூச்சு," என்றார். "நான் சொன்னேன் அல்லவா?"

தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது யோகமலருக்கு. மண்டபத்தில் இருந்த ஐந்நூறு பேரைவிடவும் இப்போது அவளுக்குத் தன்னைத்தான் அருவருப்பாக இருந்தது.

விளக்குகள் வந்தன. அருள்நாயகம் பொன்னாடையோடு எழுந்து மைக்கைப் பிடித்தார். "அண்டைக்குத் துவாய், இண்டைக்குப் பொன்னாடை," என்றார். திரும்பவும் சிரிப்பு. பட்டுத் துணியைத் தோளில் போட்டு, புகைப்படத்துக்காக இரண்டு தரம் கழற்றிக் கழற்றிப் போர்த்தினார். பிறகு மைக்கைச் சீமோனின் வாயருகே நீட்டி, மொழிபெயர்க்கும்படி யோகமலருக்குக் கண்ணைக் காட்டினார்.

சீமோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐம்பது வருடமாக நான் உடம்பைக் காட்டிய இடங்களில்தான் சனம் சிரித்தது," என்றார் தெளிவான பிரெஞ்சில். "இன்றைக்குத்தான் என் நடிப்புக்குச் சிரிக்கக் கேட்டேன். நீங்கள்தான் என்னை விளங்கிக்கொண்டவர்கள். இனி எனக்கு ஒரு குறையும் இல்லை."

மண்டபம் யோகமலரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே தமிழில் சொன்னால் ஐந்நூறு முகங்களும் கொஞ்சமாவது கீழே குனியும். ஆனால் சிரிப்பு நின்று மண்டபம் உறைந்தால் சீமோன் காரணம் கேட்பார். கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

"அவவுக்கு நல்ல சந்தோசமாம்," என்றாள்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. சீமோன் இரண்டு கையாலும் சபைக்கு முத்தம் எறிந்தார்.

அருள்நாயகம் யோகமலரின் காதுக்குள் குனிந்தார். "பாத்தியே? நீதான் முகத்தைச் சுழிச்சாய். அந்த மனுசிக்கு ஒரு வெக்கமும் இல்லை. தன்ர படத்தைப் பாத்து அழுதிட்டா. அடுத்த வருசம் இன்னும் பெரிய ஹோல் எடுப்பம். கட்டாயம் கூட்டிக்கொண்டு வா."

சீமோன் அழுததைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் அவள்.

"என்ன சொல்கிறார், மலர்?" என்று கேட்டார் சீமோன்.

"அடுத்த வருடமும் வரச் சொல்கிறார், மதாம்."

சீமோன் தோளில் கிடந்த பட்டைத் தடவினார். முகமெல்லாம் சிரிப்பு. "வருவேன் என்று சொல்."

யோகமலர் அருள்நாயகத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வருவாவாம், அண்ணை."