இரண்டு நெஞ்சுக்கு ஒரு டாக்டர்

எங்கள் வீட்டில் எதுவும் பாதி பாதிதான். ஒரு மசால் தோசை வாங்கினால் உருளைக்கிழங்கு எனக்கு, முறுகல் என் மனைவி சாவித்ரிக்கு. கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் இதை அன்னியோன்னியம் என்பார்கள். நான் கஞ்சத்தனம் என்பேன், அவள் காதில் விழாமல்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் இருமலும் இருவருக்கும் வந்தது. டாக்டரிடம் நான் மட்டும் போனேன்.

"உங்களுக்குச் சொல்றதுதான் எனக்கும். ரெண்டு பேர் எதுக்கு?" என்றாள் சாவித்ரி.

டாக்டர் ஷீனா பாறசாலைக்காரர்; தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவார். குழல் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு க்ளியராக்கும், சாமி. வைரஸ் சளி. ஆன்டிபயாடிக் வேண்டாம்."

மழையில் நனைந்து வந்தவனுக்கு ஒரு காப்ஸ்யூல்கூட இல்லையா? "ஸ்ட்ராங்கா ஏதாவது..." என்று இழுத்தேன்.

"வைரஸை அது ஒண்ணும் செய்யாது, கேட்டோ. வயிறுதான் கெடும். இருமல் தானே போகும், கொஞ்சம் தாமசிக்கும். காய்ச்சலோ மூச்சுமுட்டலோ நெஞ்சுக்குத்தோ வந்தா உடனே வரணும்."

வீட்டில் வந்து தீர்ப்பு வாசித்தேன்: "மருந்து கிடையாது. தானாப் போகும்." கடைசி வாக்கியத்தைக் கொண்டுவரவில்லை. பாதி போதும் என்று நினைத்திருப்பேன்.

என் இருமல் தேய்ந்தது. அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காப்பி ஆற்றும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"வா, டாக்டர்கிட்ட போலாம்."

"அவாதான்... தானாப் போகும்னாளே."

"அது எனக்குச் சொன்னதுடீ."

"ஏன்... எனக்கென்ன வேற நெஞ்சா?"

ஆட்டோ பிடித்தேன்.

ஷீனா அவள் முதுகில் வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு. நிமோனியா.

"இவங்களுக்கு ஆன்டிபயாடிக் வேணும். இன்னும் தாமசிச்சிருந்தா..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியபின், மீதிக்குக் காப்ஸ்யூல் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றை விழுங்கினாள். அந்த நேரம் பார்த்து நான் இருமித் தொலைத்தேன்.

"கேட்டேளா, எனக்கு ஜுரம் விட்டாச்சு. இதுல பாதி நீங்க சாப்பிடுங்கோ." அட்டையை நீட்டினாள்.

"வேண்டாம். டாக்டர் சொன்னபடி முழுக்க நீதான் சாப்பிடணும்."

"ஒண்ணாவது?"

"ஒண்ணும் வேண்டாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் நீட்டியதை நான் வாங்காதது அதுதான் முதல் தடவை. அவள் முகம் சுண்டிவிட்டது.

"காப்பியாவது?" என்றாள்.

அதில் பாதி வாங்கிக்கொண்டேன்.