மூன்று சுற்று டேப்

'அடையாள ஆவணங்கள்' என்று எழுதிய டப்பாவை அவள் மூன்றாவது முறையாகக் கவிழ்த்தாள். அவளுடைய அட்டை இருந்தது, வீட்டுப் பத்திரத்தின் நகல் இருந்தது, என்றைக்கோ போட்ட தடுப்பூசிச் சீட்டுகூட இருந்தது. கணவருடைய அட்டை மட்டும் இல்லை. அசல் அட்டையைப் பார்க்காமல் உடலை ஏற்ற முடியாது என்று அமரர் ஊர்தி வண்டிக்காரர் தணிந்த குரலில் இரண்டு முறை சொல்லிவிட்டு வாசலில் காத்திருந்தார்.

"எவ்ளோ அழகா எழுதி ஒட்டி வச்சிருக்கீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கண்ணனுக்கு கடைசி காலத்துலயாவது ஒரு ஒழுங்கு வந்துச்சு."

அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அலுவலகத்தில் பதிவறை அவள் பொறுப்பு. நாற்பதாயிரம் கோப்பு; யார் எதைக் கேட்டாலும் இரண்டே நிமிடம். வீட்டிலோ குழாய் வேலை செய்கிற கணவர். ஸ்பேனர் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும், கத்தரிக்கோல் குளியலறையில் இருக்கும். "வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காதா இந்த வீட்ல?" என்று அவள் கத்துவாள். "வச்ச இடத்துலதான் இருக்கு. நீதான் வேற இடத்துல தேடுற," என்பார் அவர். கல்யாணமாகி முப்பது வருடமாக இதே வழக்கு, தீர்ப்பில்லாமல்.

போன மாதம் அவர் வெளியூர் வேலைக்குப் போன சமயம் பார்த்து, இரண்டு நாள் விடுப்பு போட்டு வீட்டையே புரட்டினாள். நாற்பத்திரண்டு டப்பா. அவருடைய நெஞ்சுவலி மாத்திரைக் குப்பிகள் மட்டும் மாடிப்படி ஜன்னல், குளியலறை, சமையலறை என்று ஏழு இடத்தில் கிடந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி 'மருந்து' என்று எழுதிய ஒரே டப்பாவில் போட்டுச் சமையலறை மேல் தட்டில் வைத்தாள். திரும்பி வந்தவர் சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார்.

நேற்று மாலை அவள் அலுவலகம் விட்டு வந்தபோது அவர் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் அந்த மருந்து டப்பா திறந்து கவிழ்ந்து கிடந்தது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால், சிதறியதை எல்லாம் அள்ளிப் போட்டு மூடி மறுபடி தட்டில் ஏற்றினாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. "நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை போட்டுக்கிட்டாரா?" என்று டாக்டர் கேட்டபோது, தெரியவில்லை என்றாள். டப்பாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் டப்பாவைத் துழாவித் துழாவியே செத்திருக்கிறார். நேற்றிலிருந்து இந்த ஒரே நினைப்புதான். அதனாலேயோ என்னவோ அழுகைகூட வரவில்லை.

"அண்ணி, அட்டையத் தேடுறீங்களா?"

வாஷர் வந்திருந்தான். அவருடன் பதினாறு வருடமாக வேலை செய்கிறவன். எந்தச் சந்தில் விட்டாலும் பொருந்திவிடுகிற ஒல்லி உடம்பு என்று அவர் வைத்த பெயர். கையில் அட்டை இருந்தது.

"எங்க இருந்துச்சு?"

"பைக் சீட்டுக்கு அடியில. போலீஸ் ரோட்லதான நிறுத்திக் கேப்பான், வீட்டுக்கா வந்து கேப்பான்னு சொல்லுவாரு." அட்டையை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். "எது எங்க வேணுமோ அங்கதான் வைப்பாரு அண்ணன்."

அவள் அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த மாத்திரை... நான்தான் எல்லாத்தையும் எடுத்து மேல வச்சுட்டேன். நேத்து அந்த டப்பா கீழ கிடந்துச்சு. தேடித் தேடியே போயிட்டாருப்பா."

வாஷர் மண்டியிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கையை விட்டு, கழிவுநீர்க் குழாய்க்குப் பின்னாலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தான். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பால் அதன் மூடி சுற்றப்பட்டிருந்தது.

"நீங்க ஆபீஸ் போனதுக்கப்புறம் ஒரு நாள் ரெண்டு பேருமா எல்லாத்தையும் பழைய இடத்துலயே வச்சுட்டோம் அண்ணி. முந்தாநாள் சாயந்தரம்தான் இதுல புது மாத்திரை மாத்தினோம். பத்து. நான்தான் மூடினேன்."

டேப்பை இழுத்தான். ஒரே இழுப்பில் வந்தது. அவள் உள்ளங்கையில் கொட்டினான். ஒன்பது இருந்தன.

"ஈரம் உள்ள போகக்கூடாதுன்னு நான் ரெண்டு சுத்துதான் சுத்துவேன். இதுல மூணு இருந்துச்சு. மூணு சுத்து அண்ணனோடது." அவன் டேப்பை விரலில் சுற்றினான். "போட்டுக்கிட்டாரு அண்ணி. போட்டு, மூடி, டேப்பும் சுத்தி, எடுத்த இடத்துலயே வச்சிருக்காரு. அப்பவும் வலி கேக்கல. எந்திரிக்கும்போது தட்டப் புடிச்சிருப்பாரு, டப்பா விழுந்திருக்கும்."

அவள் மருந்து டப்பாவை இறக்கித் திறந்தாள். நேற்றைய பதற்றத்தில் எதையும் பார்க்கவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் மாத்திரை தீர்ந்த பழைய காலிக் குப்பிகள். அவள் எழுதியதற்கு மரியாதையாக, மூடி போட்டு வரிசையாய் நிற்கவைத்திருப்பார். அவள் கழுத்தை நெரித்த கை ஒன்று விட்டுவிட்டது போல மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நானும் கேட்டேன். ரெண்டு நாள் லீவு போட்டு, கை வலிக்க வலிக்க எழுதியிருக்கா, சொன்னா மனசு விட்டுரும்டான்னாரு." கொஞ்சம் தயங்கினான். "உங்க தலைவலித் தைலத்தையும் அப்படித்தான அண்ணி வச்சிட்டிருந்தாரு. உங்களுக்குத் தலைவலி ஆபீஸ்லதான வரும்னு."

"என் தைலமா?"

அவன் தலையாட்டினான். வெளியே தூக்குவதற்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், போனான்.

பதினெட்டு வருடமாக அவளுடைய அலுவலகப் பையில் தைலம் தீர்ந்ததே இல்லை. பதிவறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அதை எடுத்துக் காட்டிச் சொல்லுவாள்: "எது தீரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வைக்கணும். அதுதான் ஒழுங்கு." தானே வாங்கி வைத்ததாகத்தான் நினைத்திருந்தாள். எந்தக் கடையில், எப்போது வாங்கினாள் என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை.

கதவுக்குப் பின்னால் பை தொங்கியது. பக்கவாட்டு அறைக்குள் விரலை விட்டாள். சின்னக் கண்ணாடிக் குப்பி. மூடிக்குக் கீழே வழவழவென்று மெல்லிய டேப். கடையிலிருந்தே அப்படித்தான் வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, ஏத்தப் போறாங்க," என்றாள் நாத்தனார் வாசலிலிருந்து.

அவள் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனார் அவளையும் பையையும் பார்த்தாள்.

"ஆபீஸ் பை எதுக்கு அண்ணி இப்போ? குடுங்க, உள்ள வச்சுட்டு வரேன்."

"இருக்கட்டும்," என்றாள். பையின் பக்கவாட்டைக் கையால் அணைத்தபடி வண்டியில் ஏறி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.