மேலாக எடுத்தது

...நாலாயிரத்து எண்ணூறு, என் கழுத்துக்கு. முழுக் கழுத்துக்கும் இல்லை, உள்ளே கொண்டைக்கடலை அளவில் உருளும் கட்டியிலிருந்து எடுத்த நூலளவு சதைக்கு. சரக்கைக் கொடுத்தவனும் நான், காசைக் கொடுத்தவனும் நான், தானிய மண்டியில் நரைத்த தலைக்கு இப்படியொரு பேரம் இதுதான் முதல், அப்பா இருந்திருந்தால் கடைச் சாவியைப் பிடுங்கியிருப்பார்... முடிவு வந்துவிட்டதாம், டாக்டரம்மா கூப்பிடும்வரை உட்காரச் சொன்னார்கள். இரும்பு நாற்காலிகள், வரிசையாகப் பற்றவைத்தவை, அந்த ஓரத்தில் யாராவது எழுந்தால் இந்த ஓரம் ஆடும், எதிர் வரிசை ஆடிக்கொண்டே இருக்கிறது, அங்கே எல்லாரும் இரண்டு இரண்டு பேராக, என் வரிசை ஆடவில்லை, பக்கத்தில் என் துணிப்பை மட்டும். கவுன்டர் பெண் கேட்டாள், "கூட யாரு வந்திருக்காங்க?" "இதோ, இந்தப் பை." அவள் சிரிக்கவில்லை. "போன தடவையே சொன்னோமே சார், ரிசல்ட் வாங்க வரும்போது வீட்டு ஆளு யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கன்னு." "தனியா வந்தா தள்ளுபடி உண்டாம்மா?" அதற்கும் சிரிக்கவில்லை. சந்தையில் இந்த இரண்டு பேச்சுக்கு மூட்டைக்கு அஞ்சு ரூபாயாவது இறங்கியிருக்கும்... எதிராளி சிரிக்காவிட்டால் சரக்கில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், இவளுக்கு முடிவு தெரியுமோ? எங்கே தெரியப்போகிறது, அவள் ரசீது போடுகிறவள். பிறகு ஏன் ஆள் வேண்டும் என்கிறார்கள், நல்ல சேதியைத் தூக்க ஒரு ஆள் போதாதா?

ஊசியால் சதை எடுத்த அன்றே டாக்டரம்மாவிடம் கேட்டேன், சும்மா கேட்பதுபோல, "சாம்பிள்தானேம்மா இது?" என் மகள் வயசுதான் இருக்கும், பொறுமையாகச் சொன்னாள், "ரத்தம், சளி, எதை எடுத்தாலும் சாம்பிள்தாங்க. உடம்புலேர்ந்து கொஞ்சம் சதையைத் தனியா எடுத்து, அதுல நோய் இருக்கான்னு பார்க்கறதுதான் பயாப்ஸி. பயாப்ஸின்னா சாம்பிள் உண்டு. சாம்பிள் எல்லாம் பயாப்ஸி ஆகாது." நான் தலையாட்டினேன், மூட்டையெல்லாம் பயறு மூட்டை ஆகாது, புரிந்தது. புரிந்ததா? மண்டியில் நானும்தான் குத்தூசி வைத்திருக்கிறேன், நீளமான இரும்புக் குழல், மூட்டையில் சொருகி இழுத்தால் ஒரு கைப்பிடி தானியம் வரும், கடித்துப் பார்த்துவிட்டு மீதியை மூட்டையிலேயே போட்டுவிடுவேன், மூட்டைக்கு ஒன்றும் குறையாது. எந்த மூட்டையையும் குத்துவேன், எங்கே வேண்டுமானாலும் குத்துவேன், அதன்மேல் எனக்குக் கோபமுமில்லை சந்தேகமுமில்லை, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான். அவள் அப்படிக் குத்தவில்லையே, திரையில் பார்த்துப் பார்த்து, "அசையாதீங்க, விழுங்காதீங்க" என்று, நேராக அந்தக் கடலைக்கே இறக்கினாள். மற்ற இடமெல்லாம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குக் கவலையே இல்லை, பல் நல்ல பல், கால் நல்ல கால், அதையெல்லாம் யார் பதம் பார்த்தார்கள்? எடுத்ததைத் திரும்பவும் போடவில்லை. மாதிரி பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று கையை உதறலாம், மூட்டை வேறு வண்டியில் ஏறிப் போகும்... என்னை எந்த வண்டியில் ஏற்றி அனுப்புவது?

வீட்டில் நான் சாம்பிள் என்றே சொன்னேன். கழுத்தில் பிளாஸ்திரி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களோடு பழகியவன், ஒரு கடலையை மறைக்க முடியாமல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனேன். மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க இது?" "ஒண்ணுமில்ல, சாம்பிள் எடுத்தாங்க, எல்லாருக்கும் எடுக்கறதுதான்." அழுவாள், மகளுக்குப் போன் போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள், மண்டிக்காரி கேட்கிற கேள்வி, "எங்கேர்ந்து எடுத்தாங்க? மேலாகவா, உள்ளேர்ந்தா?" நான் சொன்னேன், "மேலாகத்தான்." சரி என்று அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த அடுப்பையே துடைத்தாளோ? அன்றைக்கு அது உறைக்கவில்லை, அப்பாடா, விலை போய்விட்டது என்றுதான் இருந்தது... ஆனால் மேலாக எடுத்ததை அவள் என்றைக்கு நம்பினாள்? அவள் கடைக்கு வந்த புதிதில், பயறு விற்க வந்த ஒருத்தர் மூட்டை வாயை அவிழ்த்து முத்து முத்தாகக் காட்டினார், நான் மயங்கி விலையே பேசிவிட்டேன், தராசில் நின்றவள் இறங்கி வந்து அடிமூலையில் குத்தூசியைச் சொருகினாள், வந்ததெல்லாம் வண்டு. "மேல இருக்கறது உங்க மரியாதைக்குண்ணே, அடியில இருக்கறதைத்தானே நாங்க விக்கணும்?" என்றாள், அந்த மனிதரே சிரித்துவிட்டார். அவளிடமா நான் மூட்டை வாயைக் காட்டினேன்?

இன்று காலை சந்தைக்குப் போகிறேன் என்றேன். சந்தை இல்லாத நாள், எனக்கே தெருமுனை தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? "டீ வச்சிருக்கேன்" என்று பையைக் கையில் கொடுத்தாள், கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை, நான்தான் இழுத்தேன்... தொண்டை காய்கிறது, பையில் கைவிட்டால் பிளாஸ்க், கைத்துண்டு, துண்டுக்குள் டம்ளர். இன்னொரு டம்ளர். விளிம்பு நசுங்கியது, அவளுடையது. மறதியாக வைத்திருப்பாளோ? தராசு பிடித்த கை, அவளை மீறி ஒரு பயறு கூடுதலாக விழுந்ததில்லை, கொசுறு கேட்பவர்களைக்கூட "அளந்ததே உங்களுக்குக் கொசுறுதான்" என்று அனுப்புகிறவள்... அப்படியென்றால் இந்த ஒரு வாரமும் தெரிந்துகொண்டேவா என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்? நான் இந்தப் பக்கம் தனியாக, அவள் அந்தப் பக்கம் தனியாக, நடுவில் உப்பு ஜாடி?

கதவு திறந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, "வாங்க, டாக்டர் கூப்பிடறாங்க. தனியாவா வந்தீங்க?" என்றாள். போனைக் கையில் எடுத்துவிட்டேன், மனைவி எண் மேல் விரல், என்னவென்று ஆரம்பிப்பது, உள்ளேர்ந்துதான் எடுத்தாங்க என்றா, வா என்றா... "அடுத்தவங்களை விடும்மா," என்றேன், "எங்க வீட்டு ஆளு வரணும்." எதிர் வரிசையிலிருந்து இருவர் எழுந்தார்கள், நாற்காலிகள் ஆடின. டம்ளர்களைப் பைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டம்ளர் இரண்டு, ஆள் ஒன்று. கணக்கு உதைக்கிறது.