பக்கி வண்டிக்கு மாட்டிய பெல்ட்

ஸ்டீபன் வண்டிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு இரும்புச் சட்டத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு இருக்கைகளையும் கழற்றி வெளியே மணலில் வைத்திருந்தான். ட்ரில்லை அழுத்தும்போதெல்லாம் வண்டி மெதுவாக ஆடியது. சூடான இரும்புத் தூள் முழங்கையில் பட்டுச் சுட்டது. அவன் பழகிய வேலை வேறு. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவிலிருந்து ஆரம்பாக்கம் வரை எந்த ஃபைபர் போட்டின் என்ஜின் நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு சீட் பெல்ட் மாட்டுவது இதுதான் முதல் தடவை.

அந்த வண்டியை ஊரில் எல்லோரும் பக்கி என்றார்கள். ஜீப் மாதிரியும் இல்லை, டிராக்டர் மாதிரியும் இல்லை. முண்டு முண்டாக நான்கு டயர்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள், தலைக்கு மேலே குழாய்களால் ஆன ஒரு கூண்டு. கதவு கிடையாது. ஏரிக்கரையில் கீற்றுக் கொட்டகைகள் போட்டு, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மீன் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த தனசேகர் அதை எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்திருந்தார். கோடையில் ஏரி உள்வாங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை படுகை வெடித்துக் கிடக்கும். அதில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினால் பிள்ளைகள் கத்திக் குதூகலித்தார்கள். ஓட்டுவது ஆல்வின். ஸ்டீபனின் தங்கை ரோஸ்மேரியின் புருஷன்.

ஆல்வின் சிறு வயதிலிருந்தே ஏரியில் தொழில் செய்தவன். முகத்துவாரம் மணல் அடைத்து மீன் வரத்துக் குறைந்த பிறகு, விடிய விடிய வலை போட்டு வெறும் குஞ்சுகளோடு திரும்பிய ஒரு காலையில், இனி போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். வண்டி ஓட்டுவது அவனுக்குப் பிடித்திருந்தது. சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று ரோஸ்மேரியிடம் சிரிப்பான்.

முந்தின வாரம் ஒரு வளைவில், பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரிப் பையன் வெளியே தூக்கி எறியப்பட்டான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் வண்டியில் இருந்த பழைய பெல்ட் வெயிலில் நைந்துபோய், அவன் எடை தாங்காமல் பிய்ந்துவிட்டிருந்தது. தனசேகர் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு, சென்னைக்குப் போய்ப் புது பெல்ட்டுகள் வாங்கிவந்தார். ரேஸ் வண்டிகளில் போடுகிற ரகம். இரண்டு தோளுக்கும் இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டை. நான்கும் வயிற்றுக்கு மேலே ஒரு பூட்டில் வந்து சேரும். நடுவில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் நான்கும் ஒரே சமயத்தில் விட்டுவிடும்.

ரோஸ்மேரிக்கு விஷயம் தெரிந்ததும் நேராக அண்ணனின் பட்டறைக்கு வந்தாள். இறால் உரிக்கும் இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"ண்ணா, அந்த பெல்ட்ட நீயே மாட்டு. வேற ஆருகிட்டயும் வுடாத."

"எனக்கு இன்னா தெரியும் அதப் பத்தி? கும்மிடிப்பூண்டில காரு மெக்கானிக் இருக்கான்."

"அவன் ஏனோதானோனு மாட்டிட்டு பூடுவான். உனுக்குனா உள்ள குந்தப் போறவரு ஆருனு தெரியும்ல."

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. பெட்டியில் இருந்த படங்களைப் பார்த்தும், போனில் யாரோ மாட்டிக் காட்டும் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் கற்றுக்கொண்டான். தோள் பட்டை முதுகுக்குப் பின்னால் நேராகப் போய்க் குழாயில் சேர வேண்டும். கீழே இழுத்துக் கட்டினால் வண்டி குதிக்கும்போது முதுகெலும்பு நசுங்கும். இந்த வண்டியில் அந்த உயரத்தில் குழாயே இல்லை. தனசேகரிடம் சொன்னான். அவர் முகம் சுளிக்கவில்லை. "இன்னா வோணுமோ செய் ஸ்டீபா, அவசரமில்ல" என்றார். புதுக் குழாய் வாங்கி, துருவைச் சுரண்டி, குறுக்காக வைத்துப் பற்றவைத்தான். ஓட்டைகளுக்குப் பின்னால் கனமான தகடு கொடுத்து போல்ட்டுகளை முறுக்கினான். முடித்த பிறகு தானே உட்கார்ந்து பூட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் உடம்பை எறிந்து பார்த்தான். பட்டை அசையவில்லை. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. பெல்ட்டின் நெசவை விரலால் தடவி, "இத்த அறுக்கணும்னா அறுவாதான் வோணும்" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தான்.

ஆல்வினை உட்காரவைத்து நான்கு பட்டைகளையும் இறுக்கியபோது அவன் சிரிப்பு நின்றது. கூண்டின் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாப்ள?"

"ஒண்ணும் இல்ல மச்சான். போட்டுல இத்தினி வருசம் போனேன், ஒரு நாளாச்சும் ஒடம்புல கயிறு சுத்திக்கினது இல்ல. சுத்துனா செத்தோம்னு நைனா சொல்லும். அதான், ஒரு மாதிரி கீது."

"இது தரையில ஓட்ற வண்டி."

"அது சரி" என்றான் ஆல்வின். சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பட்டைகள் கழன்று விழுந்தன. மறுபடி பூட்டினான், மறுபடி அமுக்கினான். கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தான். ரோஸ்மேரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் வண்டியைக் கிளப்பிப் படுகையில் ஒரு பெரிய வட்டம் அடித்துவிட்டு வந்தான். புழுதி அடங்கியபோது பெல்ட்டுக்குள்ளிருந்து கையை மட்டும் உயர்த்திக் கட்டை விரலைக் காட்டினான். ரோஸ்மேரி வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கோடை முழுவதும் ஆல்வின் ஒரு தடவைகூட பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கவில்லை. உட்காருகிறவர்களுக்கும் அவனே குனிந்து இறுக்கிவிடுவான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஸ்டீபன் பட்டறையில் ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கையில் இருந்த ஸ்பேனரோடு அவனும் ஓடினான்.

படுகையின் நடுவே கோடையிலும் தண்ணீர் வற்றாத ஓர் ஓடை உண்டு. படகு போகிற வழி அது. அதன் ஓரத்தில் மேலே காய்ந்து, கீழே சேறாக இருந்த இடத்தில் ஒரு சக்கரம் இறங்கியிருக்கிறது. வண்டி அப்படியே புரண்டு ஓடைக்குள் விழுந்திருந்தது. ஸ்டீபன் போய்ச் சேர்ந்தபோது நான்கு டயர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடுப்பளவு தண்ணீர். கரையில் ஒரு மனிதர், சேறு அப்பிய ஒரு சிறுமியை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, "உள்ள அந்தாளு, உள்ள அந்தாளு" என்று அலறிக்கொண்டிருந்தார். ஆட்கள் வண்டியைத் தூக்கப் பார்த்தார்கள். தூக்கத் தூக்க அவர்கள் கால்தான் சேற்றில் இறங்கியது. வண்டி அசையவில்லை.

ஸ்டீபன் முங்கினான். கலங்கிய தண்ணீரில் கண் தெரியவில்லை. கை ஆல்வினின் சட்டையைத் தொட்டது, அதன் வழியே பூட்டுக்குப் போனது. அது எங்கே இருக்கும் என்று அவன் கைக்குத் தெரியும். அமுக்கினான். தலைகீழாகத் தொங்கிய உடம்பின் எடை முழுவதும் பட்டையில் இருந்தது, பொத்தான் உள்ளே போக மறுத்தது. மேலே வந்து மூச்சு வாங்கி, "கத்தி, கத்தி" என்றான். வலை அறுக்கும் கத்தி ஒன்றை யாரோ கையில் திணித்தார்கள். பட்டை லேசில் அறுபடவில்லை. கத்தி வழுக்கியது, மறுபடி வழுக்கியது. ஒரு தோள், இன்னொரு தோள், இடுப்பு. ஆல்வினை வெளியே இழுத்தபோது அவன் உடம்பு நனைந்த வலை மாதிரிக் கனத்தது. கரையில் போட்டார்கள். சுற்றுலா வந்திருந்த கூட்டத்தில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். அவள் மண்டியிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். எல்லோரும் நம்பிக்கை இழந்த பிறகும் அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆல்வின் மறுபடி மூச்சு விட்டான்.

மூச்சு வந்தது. அவன் வரவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் சில நாள் கழித்துக் கண் திறந்தான். ரோஸ்மேரி அவன் முகத்தருகே குனிந்து, "நாந்தாங்க, நாந்தான்" என்றாள். அவன் அவளைத் தாண்டி எதையோ பார்த்தான். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்துவிட்டது என்றார் டாக்டர். கொஞ்சம் தேறலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ரோஸ்மேரி ஒவ்வொரு நாளும் அதே கேள்வியைக் கேட்டாள், அவரும் ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கரையில் நின்று அலறிய மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெயர் சாதிக். பழவேற்காட்டில் பிறந்து சென்னைக்குப் போய்விட்டவர், லீவுக்குச் சொந்த ஊரைப் பார்க்க வந்திருந்தாராம். பெண்ணையும் கூட்டி வந்திருந்தார், ஃபர்ஹத் என்று. ஒரு கீறல்கூட அவளுக்கு இல்லை. கட்டிலில் கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாதிக் வராண்டாவில் ஸ்டீபனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெல்ட்டு மாட்னது நீங்கதான்னு சொன்னாங்கண்ணா. அது இல்லாட்டி எம் பொண்ணு வெளிய வுழுந்து, வண்டி அவ மேல வுழுந்திருக்கும். நான் பாத்துக்கினே இருந்தேன். உங்க கைய நான் மறக்க மாட்டேன்."

ஸ்டீபன் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை. அவர் அழுகை முடியும்வரை அப்படியே நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. வாசற்படியில் ரோஸ்மேரி நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

அவள் அந்தப் பெண்ணிடம்தான் பேசினாள். "உள்ள இன்னாடா கண்ணு ஆச்சு?"

"அங்கிள் என்னோடத அமுக்குனாரு. ஃபர்ஸ்ட்டு வரல. அப்பறம் என்னை ஒரு கையால மேல தூக்கினு அமுக்குனாரு. வந்துடுச்சு. என்னைத் தள்ளி வுட்டாரு."

"எதுனா சொன்னாரா?"

சிறுமி அவளை வியப்பாகப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள எப்டி ஆன்ட்டி பேசுவாரு?"

ரோஸ்மேரி தலையை ஆட்டினாள். சிறுமியின் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

ஊருக்கு வந்த அன்று ஸ்டீபன் தனசேகரின் இடத்துக்குப் போனான். கொட்டகைகளை மூடிவிட்டிருந்தார். கயிறு கட்டி மேலே இழுத்த பக்கி ஒரு ஓரமாக நின்றது, சேறு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்டீபன் போல்ட் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றும் தளரவில்லை. பற்றவைத்த குழாயில் ஒரு வெடிப்பு இல்லை. அறுந்த பட்டைகள் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்துப் பொத்தானை அமுக்கினான். பட்டென்று திறந்தது. மறுபடி பூட்டி அமுக்கினான், மறுபடியும் திறந்தது. ஒரு போல்ட் சுழன்றிருந்தால், ஒரு தகடு வளைந்திருந்தால், பிடித்துக்கொள்ள அவனுக்கு ஏதாவது இருந்திருக்கும். இங்கே தப்பு என்று ஒரு விரல் வைத்துக்காட்ட, தன்னையே திட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கும்.

தனசேகர் பின்னால் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

"நம்ம மேல எதுனா தப்பு கீதா ஸ்டீபா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் இப்டி ஆச்சு?"

ஸ்டீபன் பூட்டைக் கீழே வைத்தான்.

ரோஸ்மேரி பெல்ட் விஷயத்தை அண்ணனிடம் ஒரே ஒரு தடவை பேசினாள், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் டீ குடிக்கும்போது. அதையும் டீயைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பெல்ட்டு இல்லனா அவரு நீந்தி வந்துருப்பாருல்ல?"

"வண்டி மேல வுழுந்திருக்கும்மா."

"வுழாம கூட இருந்துருக்கலாம்."

"இருந்துருக்கலாம்."

"ஆனா அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். டீயை முடித்து, கப்பைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். "நாந்தான உன்ன மாட்டச் சொன்னேன்" என்றாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் ஆல்வினை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊட்டினால் சாப்பிடுவான், பிடித்து நடத்தினால் நடப்பான். பேச்சு வரவில்லை. ஆட்டோ தோணிரேவில் நின்றபோது தூறிக்கொண்டிருந்தது. ஏரி நிரம்பி வீடுகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. வண்டி ஓடிய படுகையெல்லாம் ஒரே தண்ணீர். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடி நின்றார்கள். ஸ்டீபன் மாத்திரைப் பையையும் துணி மூட்டையையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினான். ஆல்வின் ஆட்டோவிலிருந்து தானாக இறங்கியிருந்தான்.

வீட்டுப் பக்கம் அவன் திரும்பவில்லை. யாரும் பிடிக்காமல், கால் கொஞ்சம் இழுத்தபடி ஏரியை நோக்கி நடந்தான். ஸ்டீபன் ஓடப்பார்த்தான். ரோஸ்மேரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அவளே மெதுவாகப் பின்னால் போனாள். ஆல்வின் தண்ணீரில் இறங்கி, கணுக்காலைத் தாண்டி, முழங்கால் வரை போய் நின்றான். லுங்கி மிதந்து விரிந்தது. தூரத்தில் ஒரு போட்டு பாதை மாறி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது, அதில் இருந்தவர் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

ரோஸ்மேரி அவனுக்கு ஓரடி பின்னால், தொடாமல், நின்றாள். கடல் ஓதம் ஏறுகிற நேரம். தண்ணீர் அவன் முழங்காலுக்கு மேலே போய், அவள் புடவைக் கொசுவத்தை நனைத்து மேலே ஏறியது. அவன் இன்னும் போகப் பார்க்கிறானா, திரும்பப் பார்க்கிறானா என்று கரையில் இருந்து சொல்ல முடியவில்லை. தூறல் மட்டும் அவர்களைச் சுற்றித் தண்ணீரில் சின்னச் சின்னதாகக் குத்திக்கொண்டிருந்தது.