அமைதியில் பட்ட காயம்

போர் முடிந்துவிட்டதாகக் காலை பத்து மணிக்கு ரேடியோவில் சொன்னார்கள். நாலு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டே தைத்துவந்த தையல்காரர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். தெருமுனையில் சிப்பாய்கள் மேலிடத்து உத்தரவுப்படி வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மேலே போன குண்டுகளில் ஒன்று திரும்பி வந்து அவர் தோளில் இறங்கியது.

மச்சான் அவரை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். பதிவு ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். ரத்தத்தைப் பார்த்து அவருக்கே தலை சுற்றியது. ஆனாலும் படிவத்தில் 'காயத்தின் காரணம்' நிரப்பாமல் டாக்டரிடம் அனுப்ப வழியில்லை என்றார். அதில் மூன்றே கட்டங்கள்: போர், வன்முறை, விபத்து.

போர் என்று போடச் சொன்னான் மச்சான். போர் பத்து மணிக்கே முடிந்துவிட்டது, குண்டு பட்டது பத்தே காலுக்கு என்றார் குமாஸ்தா. வன்முறை என்றால் சுட்டவனுக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டுதான் சுட்டான் என்று தையல்காரரே ஒப்புக்கொண்டார். விபத்து என்று எழுதப் பேனாவை வைத்தபோது, உத்தரவு போட்டுச் செய்த காரியம் எப்படி விபத்தாகும் என்று பின்னாலிருந்த மேலதிகாரி தடுத்தார்.

அதற்குள் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். சண்டை நடந்தபோதெல்லாம் ஒரு கீறல்கூட இல்லாத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வேடிக்கை வேண்டிக்கிடந்தது என்று திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

தையல்காரருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "அமைதின்னே போடுங்க சார். ரொம்ப வலிக்குது" என்றார்.

குமாஸ்தா மேலதிகாரியைப் பார்த்தார். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமாஸ்தா ஸ்கேலை வைத்து நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'அமைதி' என்று எழுதி, சீல் குத்தினார். பத்து நிமிஷத்தில் டாக்டர் குண்டை எடுத்துவிட்டார்.

காலையில் பூட்டிய போர் வார்டை மத்தியானமே திறக்க வேண்டியதாயிற்று. காலில் குண்டு பட்ட தபால்காரர் வந்தார், காது கிழிந்த வாத்தியார் வந்தார். மறுநாள் தரையிலும் பாய் விரித்தார்கள். சுடுவதை நிறுத்தச் சொல்லிப் பெரிய டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். அமைதியைக் குலைக்கப் பார்த்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கே நோட்டீஸ் வந்தது.

நாலாம் நாள் தையல்காரரை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வாசல்வரை வந்தவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, படியிலேயே நின்றுவிட்டார்.

"கொஞ்சம் பொறு" என்றார் மனைவியிடம். "அமைதி ஓயட்டும்."

இருவரும் உள்ளே திரும்பி வந்து, வராந்தா பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.