காலையில் கேட்ட கேள்வி

தமிழ்நாட்டிலிருந்து விருந்தினர் வந்தால் சுபாஷினியைத்தான் அனுப்புவார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் அந்தச் சுற்றுலா நிறுவனத்துக்கு வழிகாட்டிகள் வேறு இல்லாமலில்லை. ஆனால் வேனில் ஏறியதும் பேச்சுக்குப் பேச்சு ஒட்டும் 'லா'வை வாயிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, பாசார், கெரெத்தா, ஜாலான் என்று கலக்கும் மலாய்ச் சொல் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு, பொழுதுக்கும் சுத்தத் தமிழ் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று வந்தவர்கள் ஆறு பேர், கோவில்பட்டிக்காரர்கள். கடலோரமாகவே பத்து ஃபெரிங்கி கடற்கரை, தெலுக் பஹாங், அப்புறம் மலைச்சாலையில் ஏறி இறங்கி பாலிக் புலாவில் மத்தியானச் சாப்பாடு என்பது திட்டம். பள்ளி விடுமுறை நாள். எட்டு மணி தாண்டினால் வழியில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் வண்டி நகராது. அதனால் எட்டு மணிப் புறப்பாட்டை ஏழுக்கு மாற்றியிருந்தாள். பெயர்ப்பட்டியலில் வடிவு என்ற அம்மாளுக்கு நேரே 'சர்க்கரை, இன்சுலின் ஊசி' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹோட்டல் வாசலில் அவரிடம் தனியாகப் போய்க் கேட்டாள்.

"அம்மா, பசியாறியாச்சா?"

"ஆறிடுச்சு தாயி," என்றார் வடிவு.

அத்தோடு அந்தக் கவலை தீர்ந்தது. பத்து ஃபெரிங்கியில் கடலைக் காட்டினாள், படம் எடுத்துக் கொடுத்தாள், வாய் ஓயாமல் கதை சொன்னாள். வடிவும் மணலில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு வந்தார். தெலுக் பஹாங் அணையைத் தாண்டிச் சாலை மலையில் ஏறியபோது மணி ஒன்பதரை.

அந்தச் சாலை யாரையும் சும்மா விடாது. வளைவுக்கு மேல் வளைவு. வடிவு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்ததைப் பார்த்து, தலைசுற்றல்தான் என்று சுபாஷினி நினைத்துக்கொண்டாள். பையிலிருந்து உப்புப் போட்ட புளிப்புக் கொட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இத வாயில அடக்கிக்குங்கம்மா. இன்னும் இருபது நிமிஷந்தான்."

கொட்டையை வாங்கிய கை நடுங்கியது. தொட்டுப் பார்த்தாள். ஏர்கான் ஓடும் வண்டியில் அந்தக் கை வியர்வையில் நனைந்து சில்லிட்டிருந்தது.

"அம்மா?"

"பஸ்ஸு வந்துடுச்சா? சாவிய மாடத்துல வச்சிட்டேன்," என்றார் வடிவு, யாரிடமோ.

பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அவருடைய கணவர் ராமசுப்புவைச் சுபாஷினி உலுக்கினாள்.

"ஐயா, அம்மாவுக்கு மலைச்சாலை ஒத்துக்காதா?"

"அவளுக்கா? மாஞ்சோலை மலைக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போய் வருவா."

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"எங்க சாப்பிட்டா? நீங்க ஏழுக்கே வரச் சொல்லிட்டீங்க, ஏழு மணிக்குத்தான் டிபனே தொறக்கான். ரூம்ல ஒரு டீ, ஒரு பிஸ்கட்டு."

"ஊசி?"

"அத ஆறரைக்கே போட்டுக்கிட்டாளே."

"சாப்பிட்டாச்சுன்னு என்கிட்ட சொன்னாங்களே ஐயா!"

ராமசுப்பு மனைவியின் கன்னத்தைத் தட்டினார். வடிவு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஊசியால் இறங்கிவிட்ட சர்க்கரையை ஏற்ற ஏதாவது இனிப்புக் கிடைக்குமா என்று வேனில் இருந்த எல்லோருடைய பைகளையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். முறுக்கு இருந்தது, ஊறுகாய் இருந்தது. ஒரு மிட்டாய் இல்லை. சர்க்கரைக்காரி கூட வருகிறாள் என்று எல்லோரும் இனிப்பை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சுபாஷினி போனைப் பார்த்தாள், லைன் இல்லை. ஓட்டுநர் ஃபிக்ரியிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னதும் அவன் வேகத்தைக் கூட்டினான். ஒவ்வொரு வளைவிலும் வடிவின் தலை துவண்டு சரிந்தது. அதைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, ஏன் இந்த அம்மாள் பொய் சொன்னார், கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் நின்றிருப்போமே என்று சுபாஷினி மனதுக்குள் ஆத்திரப்பட்டாள். ஆத்திரப்படாவிட்டால் அழுதிருப்பாள்.

சாலையோரத்தில் வந்த முதல் பழக்கடை சாத்தியிருந்தது. அடுத்தது எத்தனை தூரம் என்று நூறு தடவை வந்தவளுக்கு அன்று ஞாபகம் வரவில்லை. நான்கு வளைவு கழித்து ஒரு தகரக் கூரை தெரிந்தது. ஃபிக்ரி நிறுத்துவதற்குள் குதித்து ஓடினாள். கடைக்காரப் பெண் நூர் ஃபாத்திஹா விலை சொல்ல வாயெடுப்பதற்குள், ஜாதிக்காய்ச் சர்பத் புட்டியைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, முழுங்குங்க. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. ராமசுப்பு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றார். அரை டம்ளர் போயிற்று. அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அந்தப் பதினைந்து நிமிடம் சுபாஷினி தன் வாழ்நாளில் பார்த்த எந்த நாளையும் விட நீளமாக இருந்தது.

கடைசியில் வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டுச் சேலையைச் சரிசெய்தார். உயிர் திரும்பி வந்ததும் ராமசுப்புவுக்குக் கோபமும் வந்துவிட்டது.

"சாப்பிட்டேன்னு அந்தப் பிள்ளைகிட்ட எதுக்குடி பொய் சொன்ன? ஊரு விட்டு ஊரு வந்து என்னைக் கொல்லப் பாத்தியா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? பசி ஆறியாச்சான்னு கேட்டுச்சு. பிஸ்கட்டும் டீயும் உள்ள போனதுல ஆறிடுச்சு, ஆறிடுச்சுன்னேன். சாப்பிட்டியான்னு கேட்டிருந்தா இல்லைன்னுருப்பேன்ல."

சுபாஷினி அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். பினாங்கில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. தோசையோ நாசி லெமாக் சோறோ, வயிறாரச் சாப்பிட்டால்தான் பசியாறியது. அதற்கு வேறு பொருள் உண்டு என்று முப்பத்தெட்டு வயதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. மலாய்ச் சொல்லையெல்லாம் தேடித் தேடி ஒளித்தவள் இதை மட்டும் ஒளிக்கவில்லை. இது தமிழ்தானே என்று இருந்துவிட்டாள்.

"அம்மா பொய் சொல்லல ஐயா," என்றாள். "நான்தான் எங்க ஊரு பேச்சுல கேட்டுட்டேன்."

"சரி விடு தாயி, அதான் ஒண்ணும் ஆகலையே," என்றார் வடிவு.

ஆகியிருந்தால்? அவர் கண் திறக்காமலே போயிருந்தால், சாப்பிட்டதாகச் சொன்னார் என்று மருத்துவமனையிலும் போலீசிலும் சுபாஷினி சத்தியம் செய்திருப்பாள். ராமசுப்புவும் சாகும்வரை மனைவியைப் பொய்க்காரி என்றே நினைத்திருப்பார். இல்லை என்று சொல்ல ஆள் இருந்திருக்காது.