விச் கண்ட்ரி, மேடம்?

மறதி நோய் வெங்கிடாசலத்திடமிருந்து முதலில் தமிழைப் பிடுங்கியது, பிறகு மலையாளத்தை. கடைசியில் மிஞ்சியது கடை இங்கிலீஷ்தான். மட்டாஞ்சேரியில் ஏலக்காயும் கிராம்பும் விற்ற கடையின் வாசலில் நின்று, வெள்ளைக்காரர்களை வரவேற்றே வாழ்க்கையை ஓட்டிய மனுஷன். அந்த நாலு வரி மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

பால்காரர் வந்தால், "குட் மார்னிங் சார். விச் கண்ட்ரி?" பக்கத்து வீட்டு அம்மிணி கப்பைக் கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தால், "ஹலோ மேடம், வெல்கம்." எர்ணாகுளத்திலிருந்து வரும் மகள் ஸாதனாவுக்கும் அதே வரவேற்புதான். அவள் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள்.

மனைவி கமலாக்ஷிக்கு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. சாயா கொடுத்தால் குடிப்பார். சட்டையை எடுத்தால் கையை நீட்டுவார். அவ்வளவுதான். கமலாக்ஷிக்கு வயிறு எரிந்தது. போகிறவன் வருகிறவனைக் கண்டால் வாயெல்லாம் பல். பீ மூத்திரம் அள்ளுகிறவள் மட்டும் ஆகாதவளா?

ஒருநாள் மகளிடம் கொட்டியே விட்டாள்.

"எல்லார்கிட்டயும் பேசறார் மோளே. என்னைக் கண்டா மட்டும் மிண்டறதில்லை."

ஸாதனா கேட்டாள்: "கடைக்கு நீ சோறு கொண்டு போவியே அம்மா. அப்போ அப்பா உனக்கு வெல்கம் சொன்னாரா?"

"எனக்கு எதுக்குச் சொல்லணும்? நான் என்ன அந்நியக்காரியா?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

"அதான்," என்றாள் ஸாதனா. "நான்தான் அந்நியக்காரி ஆயிட்டேன்."

அன்றிலிருந்து கமலாக்ஷி அந்த மௌனத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டாள். காலையில் அவர் அறைக்குள் போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அப்பாடா என்றிருக்கும். பிறகுதான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் சாயாவோடு உள்ளே போனாள். வெங்கிடாசலம் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. கை கூப்பினார்.

"குட் மார்னிங் மேடம். வெல்கம். விச் கண்ட்ரி?"

கமலாக்ஷி கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவர் சிரித்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். அழுதால் பயந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"கொச்சங்காடி," என்றாள். அவள் பிறந்த இடம். அவளைப் பெண் பார்க்க அவர் வந்த இடம்.

"வெரி நைஸ் கண்ட்ரி."

அவள் தலையாட்டிவிட்டுச் சாயாவை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ மேடம்," என்றார் வெங்கிடாசலம். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் அவளிடம் அவர் சொல்லாத வார்த்தை அது.